சாயம் தேடிப் போன டீக்கடைக்காரர்

மதுரை கீழவாசல் பக்கத்துச் சந்தில் இருக்கிறது அந்தக் கடை. காலை நாலரைக்கெல்லாம் பாய்லர் இரைய ஆரம்பித்துவிடும். துணி வடிகட்டியில் டஸ்ட் தூள், அதன்மேல் கொதிநீர், கீழே கருஞ்சிவப்பாக இறங்கும் டிக்காஷன், பிறகு பால், சீனி, நீளமாக ஓர் ஆத்து. இருபத்தெட்டு வருடமாக இந்த வேலையைச் செய்யும் கடைக்காரர், வந்து நிற்பவர் வாயைத் திறக்கும் முன்பே லைட்டா ஸ்ட்ராங்கா என்று முடிவு செய்து கிளாஸை நீட்டிவிடுவார். ஆனால் பால் சேராத டீயை ருசிக்காக அவர் குடித்ததே இல்லை. வயிறு சரியில்லாத நாளில் எலுமிச்சை பிழிந்து ஒரு வரட்டீ, அதோடு சரி.

அவர் மனைவி கோத்தகிரியில் பிறந்தவர். மனைவியின் தாத்தாவும் பாட்டியும் இலங்கையில் அட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை செய்தவர்கள். 1964-ல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று கணக்குப் போட்டது. அந்தக் கணக்கில் அவர்களும் வந்தார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் தங்கி, தாயகம் திரும்பியோருக்காகத் தமிழக அரசு 1968-ல் நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் வந்து சேர்ந்தார்கள். இங்கேயும் அதே கொழுந்து, அதே கூடை.

பாட்டி கடைசிவரை டீ என்று சொன்னதில்லை. ‘சாயத்தண்ணி’ என்பார். அதில் யாராவது பால் ஊற்றினால் முகம் சுளிப்பார். அந்தச் சாயத்தண்ணி பிறந்த இடத்தில் எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க, ஓர் ஆகஸ்ட் மாதம் கணவனும் மனைவியும் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுப் பத்து நாள் கிளம்பினார்கள்.

கொழும்பு

கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது 1883 ஜூலையில். இன்றும் அது வாராவாரம் நடக்கிறது. 2020-ல் கொரோனா வந்தபோது ஏலம் கணினித் திரைக்கு மாறியது. சுவைப்பவரின் நாக்குக்கு மட்டும் மாற்று வரவில்லை. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு தேயிலையின் மாதிரியும் அந்த நாக்கைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அப்படியொரு சுவைப்பு அறையில்தான் பயணத்தின் முதல் மடக்கு கிடைத்தது. சன்னல் வெளிச்சம் விழும் நீண்ட மேசை. அதன்மேல் மூடி போட்ட சின்ன வெள்ளைக் குவளைகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு வெள்ளைக் கிண்ணம். இப்படிச் சுவை பார்ப்பதற்கு ஐஎஸ்ஓ 3103 என்று உலக அளவில் ஒரு விதியே இருக்கிறது. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் ஊறல். நேரம் முடிந்ததும் குவளையைச் சாய்த்துச் சாற்றைக் கிண்ணத்தில் இறக்குகிறார்கள். ஊறிய இலையை மூடியின் மேல் கவிழ்த்து வைக்கிறார்கள். அது புதுச் செம்புக் காசு போலப் பளிச்சென்று இருந்தால் நல்ல அறிகுறி.

சுவைப்பவர் கரண்டியில் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சினார். காற்றும் சேர்ந்து போனால்தான் வாசனை மூக்குக்கு ஏறும். வாயில் ஒரு சுற்று சுற்றிவிட்டுத் துப்பினார். ஒரு கிண்ணத்துக்குச் சில விநாடிகள்தான். கடைக்காரரும் அதேபோல் உறிஞ்சிப் பார்த்தார்.

“நாக்கை இழுத்துப் பிடிக்குதுங்களே” என்றார்.

“இழுக்கணும் ஐயா. இழுத்துட்டு விடணும். விடாமப் பிடிச்சுக்கிட்டே இருந்தா அது சரியில்லாத டீ.”

துவர்ப்பைப் பற்றி இவ்வளவு தெளிவாக அதுவரை யாரும் அவருக்குச் சொன்னதில்லை. சுவைப்பவர் இன்னொன்றும் சொன்னார். இந்த ஆறு நிமிடக் கணக்கு, தேயிலையில் உள்ள குறையை வெளியே கொண்டுவருவதற்கு. குடிப்பதற்கான கணக்கு வேறு. குடிப்பதற்கு ஒவ்வொரு மலைத் தேயிலைக்கும் ஒரு நேரம் உண்டு, அதை நீங்களே போய்க் கண்டுபிடியுங்கள் என்று வழியனுப்பிவைத்தார்.

இலங்கையில் தேயிலையை உயரத்தால் பிரிக்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து 2,000 அடிவரை விளைவது தாழ்நிலத் தேயிலை, 4,000 அடிவரை இடைநிலத் தேயிலை, அதற்கு மேல் உயர்நிலத் தேயிலை. செடி எல்லா இடத்திலும் ஒன்றுதான். பெட்டியில் எழுதியிருக்கும் பிஓபி, பிஓபிஎஃப், ஓபி, டஸ்ட் என்பவை இலைத் துணுக்கின் அளவையும் வடிவத்தையும் சொல்லும் பெயர்கள். தரம் உயர்வா தாழ்வா என்பதை அவை சொல்வதில்லை. டஸ்ட் என்றால் கழிவு என்று மதுரையில் பலர் நினைத்துக்கொண்டிருப்பது தவறு என்று கடைக்காரருக்கு அன்றுதான் தெரிந்தது.

லூல்கந்துர

கண்டியைத் தாண்டி ஹேவாஹெட்டப் பக்கம் வளைந்து வளைந்து ஏறினால் லூல்கந்துர. ஸ்காட்லாந்திலிருந்து 1852-ல் பதின்வயசுப் பையனாக வந்த ஜேம்ஸ் டெய்லர், 1867-ல் இங்கே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இலங்கையில் வணிகத்துக்காக நட்ட முதல் தேயிலை அது. அப்போது நாடே காப்பியை நம்பியிருந்தது. இரண்டே வருடத்தில், 1869-ல், காப்பி இலையில் துருநோய் தென்பட்டது. அடுத்த சில வருடங்களில் காப்பித் தோட்டங்கள் அழிய, அந்த இடத்தையெல்லாம் தேயிலை பிடித்துக்கொண்டது.

டெய்லரின் முதல் தொழிற்சாலை அவர் வீட்டு வராந்தாதான். மேசைமேல் இலையைப் பரப்பி, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை அழுத்தி உருட்டி, களிமண் அடுப்பில் கரி போட்டு உலர்த்தியிருக்கிறார்கள். 1873-ல் லண்டனுக்குப் போன சரக்கு 23 பவுண்டு. ஏறக்குறைய பத்தரை கிலோ. மதுரைக் கடையில் அவ்வளவு தூள் சில நாளில் தீர்ந்துவிடும்.

வழியில் ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்தார்கள். கண்டி வட்டாரத்து இடைநிலத் தேயிலை. தேங்காய்ச் சம்பலும் ரொட்டியும் வந்தன, பக்கத்தில் பிளேன் டீ. சீனி போடவில்லை. தட்டில் கித்துள் கருப்பட்டித் துண்டு இரண்டு இருந்தன. கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். உடன்குடிக் கருப்பட்டியில் பழகிய நாக்குக்குக் கித்துள் கொஞ்சம் மென்மையாக, புகை வாசத்தோடு இருந்தது. துவர்ப்பு வரும்போது இனிப்பைக் கடிப்பது, இனிப்பு தேங்கும்போது ஒரு மடக்கு குடிப்பது. சீனியைக் கரைத்துவிட்டால் இந்த விளையாட்டு கிடைக்காது.

தேயிலையின் நிறம் செம்பு. வாயில் நிறைந்து நிற்கிறது. நாலு நிமிடம் ஊறியிருந்தது. இரண்டாவது கிளாஸில் பால்மா கரைத்துக் கேட்டார் கடைக்காரர். அப்போதும் தேயிலையின் ருசி எடுத்தது. பாலில் உள்ள கேசின் என்ற புரதம் தேயிலையின் துவர்ப்புச் சத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். சத்து நிறைய உள்ள தேயிலைதான் பாலுக்குக் கொடுத்தது போகவும் மிச்சம் வைத்திருக்கும்.

அட்டன்

ரயில் அட்டனை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஆகஸ்டில் இந்த மேற்குச் சரிவு முழுக்கத் தென்மேற்குப் பருவக்காற்றின் கையில் இருக்கும். மலை தெரியவில்லை, மலை இருக்கும் இடத்தில் வெள்ளையாக ஏதோ நகர்ந்துகொண்டிருந்தது. நடுநடுவே விலகும்போது, ஒரே மட்டத்தில் வெட்டிய தேயிலையும் அதற்குள் இடுப்பளவு மூழ்கி நிற்கும் பெண்களும் தெரிந்தார்கள்.

மனைவியிடம் இருந்தது ஒரு தோட்டத்தின் பெயரும், ‘மேல் டிவிஷன்’ என்று பாட்டி சொன்ன ஒரு சொல்லும்தான். அதைவைத்தே கேட்டுக் கேட்டு லயத்துக்குப் போய்விட்டார்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகள். பாட்டி வாழ்ந்த அறை எது என்று சொல்ல அங்கே யாரும் மிச்சமில்லை. ஆனால் ஊர்ப்பெயர் கேட்டதும் ஒரு அம்மா பாயை விரித்துவிட்டார்.

“நனைஞ்சுட்டீங்களே. உள்ள வாங்க தங்கச்சி. அண்ணே, தலைய தொடைங்க. சாயம் ஊத்துறேன், இருங்க.”

அவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். பதினெட்டு வயதிலிருந்து கொழுந்து எடுக்கிறார். விரலின் ரேகைகளில் தேயிலைக் கறை ஏறி, மருதாணி பழுத்துக் கறுத்தது போல இருந்தது. அடுப்பில் கேத்தல் கொதித்தது. பழைய துணி வடிகட்டியில் இரண்டு கரண்டித் தூள் போட்டார். தோட்டத்தில் கொடுத்த தூள், மாவு மாதிரி பொடி. அதன்மேல் கொதிநீரை மெல்லிய தாரையாக ஒரே ஒருமுறை ஊற்றினார். மறுபடி ஊற்றவில்லை, பிழியவும் இல்லை. இஞ்சியைத் தட்டிப் போட்டார். “சீனி போடவா?” என்று கேட்டபோது கடைக்காரருக்கு ஒரு சந்தோஷம். சென்னையில் சர்க்கரை என்பார்கள்; மதுரையிலும் அட்டனிலும் அது சீனி.

சாயம் அரை நிமிடத்தில் தயார். தூள் பொடியாக இருப்பதால் தண்ணீர் எல்லாப் பக்கமும் தொட்டுச் சத்தை உடனே இறக்கிவிடுகிறது. அதனால்தான் இதைக் கொதிக்க விடக்கூடாது, ஊறப் போட்டு மறந்துவிடவும் கூடாது. மதுரையில் கடைக்காரர் ஒரே தூளில் மூன்று நாலு முறை நீர் ஊற்றி இழுப்பார். பாலுக்கு அது சரி. இங்கே ஒரே தாரையில் இறங்கிய சாயம் சூடாக, கூர்மையாக, தொண்டையில் பளிச்சென்று இறங்கியது. கூடவே கோதுமை ரொட்டியும் இடிச்ச சம்பலும்.

மனைவி கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் குடித்தார். “பாட்டி இப்படித்தான் ஊத்தும்” என்று கடைசியில் சொன்னார்.

அந்த அம்மாவின் பேச்சு வேலையின் பக்கம் திரும்பியது. தோட்டத் தொழிலாளரின் நாள் சம்பளம் 1,000 ரூபாயாக உயர்ந்தது 2021-ல். 2024-ல் 1,350 ஆனது. இலங்கை ரூபாயில் இந்தக் கணக்கு. அதுவும் குறித்த கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழும். குறைந்தால் அரைப் பேர். எத்தனை கிலோ என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். மழையில் இலை கனக்கும் என்று தண்ணீருக்குக் கழித்துக்கொள்வார்கள்.

1948-ல் சுதந்திரம் பெற்ற சில மாதங்களிலேயே இந்தத் தோட்ட மக்களின் குடியுரிமையைச் சட்டம் போட்டுப் பறித்தது இலங்கை. மிச்சமிருந்த கடைசிச் சிலருக்கும் அது முழுதாகத் திரும்பக் கிடைக்க 2003 ஆனது. ஒரு நாட்டின் பெயரை உலகச் சந்தையில் தூக்கி நிறுத்தியவர்களில் பலருக்குப் பல பத்தாண்டுகள் அந்த நாட்டில் ஓட்டு இல்லாமல் இருந்தது. சிலோன் டீ என்ற பெயரை உச்சரிக்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

விடைபெறும்போது அந்த அம்மா பழைய செய்தித்தாளில் ஒரு கை தூளைக் கட்டிக் கொடுத்தார். “எங்க தூள். ஊருக்குப் போயி ஊத்திப் பாருங்க.”

நுவரெலியா

1,868 மீட்டர் உயரம். ஊட்டிக்குத் தங்கச்சி மாதிரி ஒரு ஊர்: ரோஜாத் தோட்டம், ஏரி, ஓட்டுக்கூரை பங்களாக்கள், லீக்ஸும் கேரட்டும் விளையும் பாத்திகள். தங்கிய வீட்டின் சமையல்காரர் காலையில் கண்ணாடிக் குவளையில் டீ கொண்டுவந்து வைத்தார். இளம் ஆரஞ்சு நிறம். அடியில் உள்ள பூப்படம் தெளிவாகத் தெரிந்தது.

“தூள் பத்தலையோ?” என்றார் கடைக்காரர் மெதுவாக.

“இல்லைங்க ஐயா, இந்த ஊர்த் தேயிலைக்கு இவ்வளவுதான் நிறம். ஒரு வாய் குடிச்சுட்டுச் சொல்லுங்க.”

நிறம், சுவை, திடம் என்று மூன்று சொற்களை விளம்பரங்கள் தமிழ்நாட்டு வீடுகளுக்குப் பழக்கிவிட்டன. நிறம் இருந்தால் திடம் இருக்கும் என்பதும் அதோடு சேர்ந்து வந்த நம்பிக்கை. நுவரெலியாக் கிளாஸ் அதை ஒரே மடக்கில் கலைத்துவிட்டது. வாயில் கனமே இல்லை. ஆனால் விழுங்கிய பிறகு ஒரு பூவாசம் மூக்கின் பின்பக்கம் நெடுநேரம் நின்றது. குளிரில் செடி மெல்ல வளர்வதால் வாசனை செறிகிறது என்கிறார்கள் இங்குள்ளவர்கள்.

இன்னொரு பாடத்தையும் சமையல்காரர்தான் சொன்னார். “இங்க பருப்பு வேகவே நேரம் எடுக்கும். தண்ணி கொதிச்சாலும் சூடு பத்தாது.” உண்மைதான். ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஒரு டிகிரி இறங்கும். நுவரெலியாவில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். இந்த மெல்லிய தேயிலைக்கு அந்தச் சூடு போதும். மூன்று நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். நாலாவது நிமிடத்தில் துவர்ப்பு வந்து பூவாசத்தை மூடிவிடுகிறது என்பதைக் கடைக்காரர் இரண்டு கிளாஸ் வைத்துச் சோதித்துப் பார்த்துக்கொண்டார்.

எலுமிச்சைத் துண்டு ஒன்றை மிதக்கவிட்டபோது ஆரஞ்சு நிறம் வைக்கோல் மஞ்சளாக வெளுத்தது. தேயிலைக்கு நிறம் தரும் பொருள்கள் புளிப்பு பட்டால் வெளிறும். சாயம் தண்ணீரானதாக நினைத்துத் தூளைக் கூட்டத் தேவையில்லை. பால் ஊற்றிய கிளாஸில் மட்டும் எதுவுமே மிஞ்சவில்லை. வெந்நீர் கலந்த பால் போல இருந்தது.

அப்புத்தளை

நானுஓயாவிலிருந்து பதுளை போகும் ரயில் பட்டிப்பொலவில் 1,890 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறது. இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் அது. அதற்கு அப்பால் ஒரு சுரங்கம். உள்ளே நுழையும்போது சன்னல் கம்பியில் மழைத்துளி தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே வரும்போது வெயில். பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் சன்னலைத் திறந்தார்கள். காய்ந்த புல் வாசனையோடு காற்று உள்ளே அடித்தது.

மலைமுகட்டைத் தாண்டி ஊவா வட்டாரத்துக்குள் வந்தாகிவிட்டது. தென்மேற்குக் காற்று தன் ஈரத்தையெல்லாம் அட்டன் பக்கம் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறது. கச்சான் என்பது அதன் பெயர். ஜூலை முதல் செப்டம்பர் வரை கச்சான் அடிக்கும்போது தேயிலைச் செடி திணறுகிறது. வளர்ச்சி குறைகிறது, கொழுந்து சுருங்குகிறது, விளைச்சல் விழுகிறது. ஆனால் அந்தத் திணறலில்தான் ஊவாவுக்கே உரிய மணம் இலைக்குள் சேர்கிறது. அட்டன் அடங்கிய திம்புள்ள வட்டாரத்துக்கு நல்ல பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஊவாவுக்கு இந்த ஆகஸ்ட்.

கடைக்காரர் கேட்டுக்கொண்டதால் ஒரு தொழிற்சாலைக்குள் விடியுமுன் போகக் கிடைத்தது. தோட்டத்து மக்கள் தொழிற்சாலையை ‘ஸ்டோர்’ என்கிறார்கள். முந்தைய மாலை வந்த கொழுந்து மேல்மாடித் தொட்டிகளில் இரவெல்லாம் காற்றில் வாடிக் கிடந்தது. கையில் அள்ளி அழுத்தினால் பட்டுத்துணி மாதிரி மடங்கியது, முறியவில்லை. அந்தப் பதம் வந்ததும் கீழே உருட்டும் இயந்திரத்துக்குள் விழுகிறது. வட்டமான பித்தளை மேசைமேல் கனமான உருளை சுற்றிச் சுற்றி அரைக்க, இலை முறுக்கிக்கொண்டு சாறு கசிகிறது. சலித்தெடுப்பதை முதல் தூள், இரண்டாம் தூள் என்று எண்ணுகிறார்கள்.

பிறகு தரையில் பரப்புகிறார்கள். அங்கேதான் பச்சை இலை கறுப்புத் தேயிலையாக மாறும் வேலை நடக்கிறது. சாறு காற்றில் கலந்ததும், வெட்டிவைத்த வாழைக்காய் கறுப்பது போல, இலை பச்சையிலிருந்து செம்பு நிறத்துக்கு வருகிறது. அறை முழுக்க நறுக்கிய ஆப்பிளின் வாசம். ஸ்டோர் மேற்பார்வையாளர் கடிகாரத்தையும் பார்த்தார், குனிந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்தும் பார்த்தார். முடிவு மூக்கினுடையதாக இருந்தது. “அடுப்புக்குப் போடு” என்றார். சூடான காற்றில் உலர்ந்து வெளியே வரும்போது அது கறுப்பு. நாலரை கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகச் சுருங்கியிருந்தது.

அன்றைய தேயிலையை அன்றே ஊறவைத்துக் கொடுத்தார்கள். மூன்றரை நிமிடம், சீனி இல்லை, பால் இல்லை.

கடைக்காரர் குடித்துவிட்டுச் சற்று யோசித்தார். “தலைவலித் தைலம் மாதிரி ஒரு வாசம்.”

மனைவி அவர் கையிலிருந்து கிளாஸை வாங்கி முகர்ந்தார். “என்னங்க, இது எங்க ஊர் விண்டர்கிரீன் தைலம்!”

இருவர் சொன்னதும் சரி. நீலகிரியில் யூகலிப்டஸ் தைலத்தோடு கடைகளில் விற்கும் விண்டர்கிரீன் தைலத்தின் மணத்துக்குக் காரணம் மெத்தில் சாலிசிலேட் என்ற பொருள். வலி தைலங்களில் சேர்ப்பதும் அதைத்தான். கச்சான் காலத்து ஊவா இலையில் அதே பொருள் இயல்பாகவே ஊறிவருகிறது. வாயில் வைத்தால் சூடான டீக்குள் ஒரு குளிர்ச்சி. கொழும்பில் சொன்னது போல, இழுத்தது, விட்டது.

குடிக்காமல் மீந்த ஒரு கிளாஸ் மலைக்குளிரில் ஆறிக் கலங்கிச் சேற்று நிறமாகிவிட்டது. கெட்டுப்போய்விட்டதென்று கொட்டப் போனவரை மேற்பார்வையாளர் தடுத்தார். சத்து நிறைந்த தேயிலை ஆறும்போது அதிலுள்ள கஃபீனும் துவர்ப்புப் பொருள்களும் ஒன்றோடொன்று ஒட்டித் திரையும். மறுபடி சூடாக்கினால் தெளியும். சிறு அடுப்பில் வைத்துக் காட்டினார். தெளிந்தது. கலங்கிய டிக்காஷனை இருபத்தெட்டு வருடமாகக் கொட்டிவந்ததைக் கடைக்காரர் அங்கே நினைத்துக்கொண்டார்.

மறுநாள் விடியலில் தம்பேதன்ன வழியாக லிப்டனின் இருக்கைக்கு ஏறினார்கள். 1890-ல் இந்தப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கிய தாமஸ் லிப்டன் உட்கார்ந்து பார்த்த முகடு என்கிறார்கள். வழியெல்லாம் பெண்கள் கூடையைத் தலைக்கயிற்றில் தொங்கவிட்டுப் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போய்க்கொண்டிருந்தார்கள். மேலே போனபோது காற்று ஆளையே தள்ளியது. கீழே அடுக்கடுக்காகப் பச்சை, அதற்கும் கீழே தெற்குச் சமவெளி மங்கலாக.

இரத்தினபுரி

பெரகலை, பலாங்கொடை என்று சாலை இறங்க இறங்க ஸ்வெட்டர் பைக்குள் போனது. ரத்தினக் கற்களுக்குப் பேர்போன இரத்தினபுரியில் வியர்த்துக் கொட்டியது. இங்கேயும் தேயிலை. ரப்பர் மரங்களுக்குப் பக்கத்தில், பாக்கு மரத்தடியில், வீட்டுக் கொல்லையில்கூடத் தேயிலை. இலங்கைத் தேயிலையில் பாதிக்கு மேல் இந்தத் தாழ்நிலத்துக் கொழுந்துதான். அதில் பெரும்பங்கு சிறு உடைமையாளர்களுடையது.

ஒரு ஏக்கர்க்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார்கள். அவர் சிங்களத்தில் பேச, கொழும்பில் வேலைபார்த்த மகன் தமிழில் சொன்னார். 2021-ல் ரசாயன உரத்தை அரசு திடீரென்று தடை செய்தபோது கொல்லைத் தேயிலை வெளிறிப்போய், விளைச்சல் விழுந்ததை விரலால் இலையின் அளவைக் காட்டி விளக்கினார். சில மாதங்களில் தடை விலகினாலும் செடி தேற நாளானது.

அவர் மனைவி கொண்டுவந்த டீ கறுப்பாக இருந்தது. வெயிலும் மழையும் சேர்ந்த வெக்கையில் இங்கே இலை பெரிதாக, சாறு நிறைந்து வளர்கிறது. நீளமாக முறுக்கிய முழு இலை, மெல்லத்தான் சத்தை விடும். ஐந்து நிமிடம் பொறுத்தார்கள். தடித்த சாயம், தேன் கலந்தது போல அடியில் ஒரு இனிப்பு, வாசனை குறைவு. ஈராக்கிலும் துருக்கியிலும் ரஷ்யாவிலும் விரும்பி வாங்குவது இந்த ஜாதியைத்தான். அங்கே கெட்டியாகச் சாறு இறக்கி, வேண்டிய அளவுக்கு வெந்நீர் கலந்து குடிப்பார்கள்.

“நம்ம கடைக்கு இது பொருந்தும்” என்றார் கடைக்காரர். பாலைத் தாங்கும் டீ.

மதுரை

திரும்பி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, சமையல்கட்டு மேடையில் ஐந்து பொட்டலங்களும் ஒரு சமையல் தராசும் செல்போன் கடிகாரமும் இருந்தன.

முதலில் தோற்றது தண்ணீர். வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரில் ஊவா ஊறியபோது மேலே எண்ணெய் போல ஒரு படலம் மிதந்தது; நிறம் மங்கியது; தைல வாசம் காணாமல் போனது. தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து தேயிலையோடு சேர்ந்து செய்கிற வேலை அது. வடிகட்டிய நீரில் அதே தூள் அப்புத்தளையில் குடித்ததுக்குப் பக்கத்தில் வந்தது.

அடுத்து சூடு. நுவரெலியாவில் 94 டிகிரியில் கொதித்த தண்ணீர் மதுரையில் ஏறக்குறைய 100 வரை போகிறது. மூன்று நிமிடத்தில் இங்கே துவர்ப்பு முந்திக்கொண்டது. கொதித்த தண்ணீரை ஒரு நிமிடம் ஆறவிட்டு ஊற்றி, இரண்டரை நிமிடத்தில் வடித்தபோது பூவாசம் திரும்பி வந்தது. கண்டித் தேயிலைக்கு நாலு நிமிடமும், இரத்தினபுரி இலைக்கு ஐந்து நிமிடமும் கொதிநீரோடு அப்படியே பொருந்தின.

கடைசியாக அட்டன் அம்மா கட்டிக் கொடுத்த செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரித்தார்கள். துணி வடிகட்டி, இரண்டு கரண்டித் தூள், மெல்லிய தாரையாக ஒரே ஒருமுறை கொதிநீர், தட்டிய இஞ்சி. ஊற்றியவர் மனைவி. கடைக்காரர் அன்று கைவைக்கவில்லை.

கீழவாசல் கடையில் பால் டீ பழையபடிதான் ஓடுகிறது. டஸ்ட் தூளும் பாலும் ஒன்றுக்கொன்று ஏற்றவை என்பதில் கடைக்காரருக்கு மாற்றுக் கருத்து இல்லை. பாய்லருக்குப் பக்கத்தில் இப்போது ஒரு சின்ன கேத்தலும் மூடி போட்ட இரண்டு பீங்கான் குவளைகளும் சேர்ந்திருக்கின்றன. கேட்பவர்களுக்கு மட்டும் அதில் டீ. ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேர் கேட்கிறார்கள். வரட்டீக்கு எலுமிச்சை பிழிய வேண்டுமா என்று அவர் இப்போது கேட்பதில்லை. முதலில் அப்படியே ஒரு மடக்கு குடிக்கச் சொல்கிறார்.

அடுத்தமுறை தேயிலை வாங்கும்போது பொட்டலத்தைத் திருப்பி எந்த மலை என்று பாருங்கள். நீலகிரியோ ஊவாவோ, நூறு கிராம் போதும். 150 மில்லி நல்ல தண்ணீருக்கு ஒரு சிறு கரண்டி போடுங்கள், மூடிவையுங்கள், மூன்று நிமிடத்தில் வடித்துவிடுங்கள். முதல் மடக்கைப் பால் ஊற்றும் முன் குடியுங்கள்.